ஆள் முதலில், பணம் பின்னால்: பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியேறும் பெரியவர்களுக்கு ஒரு சேமிப்பு வழிகாட்டி

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது முள்ளுக்குறிச்சி. மலைப்பள்ளியில் 30 வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியரும் அவர் மனைவியும் அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது உதாரணம்தான். ஆனால் இந்த மாதிரிக் குடும்பம் உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். "ரெண்டு பேரும் இனிமே தனியா இருக்க வேண்டாம், இங்கேயே வந்துடுங்க" என்று கூப்பிடுகிறார். பெரியவர்களுக்கும் சம்மதம். ஊரில் அவர்களுக்கு இருப்பது இவ்வளவு: வங்கியில் 20 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம், மாதம் 35,000 ரூபாய் ஓய்வூதியம், சொந்த வீடு, மலையில் மிளகுக்கொடி ஏறிய ஒரு சின்னத் தோட்டம்.

டிக்கெட் போடுவதற்கு முன்னாடியே ஆசிரியர் கேட்கும் கேள்வி: "நான் சம்பாதிச்ச பணம். போகும்போது மொத்தமா எடுத்துட்டுப் போகலாமா, கூடாதா?"

போகலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். எந்தப் பணத்தை எப்போது, எந்தக் கணக்கு வழியாக அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வரிசை மாறினால் சில லட்சங்கள் மாதக்கணக்கில் முடங்கும், சில நேரம் சட்டச் சிக்கலும் வரும். வரிசை சரியாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரையில் உள்ள வரி விவரங்கள் 2025-26 நிதியாண்டு நிலவரப்படி எழுதப்பட்டவை.

சும்மா போய் வரவா, குடியிருக்கவா?

முதலில் இதை முடிவு பண்ணுங்க. பேத்தி பிறந்திருக்கிறாள், ஆறு மாசம் இருந்துவிட்டுத் திரும்புகிறோம் என்றால் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். வங்கிக் கணக்கில் எதையும் மாற்றத் தேவையில்லை.

எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது, இனி அங்கேதான் என்ற எண்ணத்தோடு போகிறீர்கள் என்றால் கதை வேறு. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தைச் சுருக்கமாக 'ஃபெமா' என்பார்கள். 1999-ல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. காலவரையறை இல்லாமல் வெளிநாட்டில் தங்கும் நோக்கத்தோடு ஒருவர் கிளம்பினால், கிளம்பிய நாளிலிருந்தே அவரை 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று இந்தச் சட்டம் கருதுகிறது. பாஸ்போர்ட் இந்தியாவுடையதாக இருந்தாலும் அப்படித்தான். குடியுரிமை வேறு, வசிப்பு நிலை வேறு.

அதனால் வங்கிக்கு இதைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. "யாருக்குத் தெரியப் போகுது, பழைய கணக்கிலேயே ஓட்டிக்கலாம்" என்று இருந்துவிடுவது விதிமீறல். பின்னாளில் பணம் அனுப்பக் கேட்கும்போது அங்கேதான் தடை விழும்.

இரண்டு சட்டம், இரண்டு காலண்டர்

பலர் குழம்புவது இங்கேதான். வங்கிக் கணக்கு ஃபெமாவின் கீழ் வருகிறது. வருமான வரி அதற்கென உள்ள சட்டத்தின் கீழ் வருகிறது. இரண்டும் 'வசிப்பவர்' என்ற சொல்லை வேறு வேறு மாதிரி கணக்குப் போடுகின்றன.

வருமான வரிக்கு நாட்கணக்கு முக்கியம். ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் உள்நாட்டில் வசிப்பவர். இன்னொரு விதியும் உண்டு. அந்த ஆண்டில் 60 நாட்களும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இங்கே இருந்திருந்தாலும் உள்நாட்டவர்தான். வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியருக்கு இந்த 60 நாள் விதியில் தளர்வு இருக்கிறது. பிள்ளையோடு இருக்கப் போகும் ஓய்வூதியருக்கு அந்தத் தளர்வு இல்லை.

நம்ம ஆசிரியர் ஆகஸ்டில் விமானம் ஏறுகிறார் என்று வையுங்கள். ஏப்ரலில் இருந்து 60 நாட்கள் எப்போதோ தாண்டிவிட்டன. அதனால் வங்கியின் பார்வையில் அவர் ஆகஸ்டில் இருந்தே வெளிநாட்டில் வசிப்பவர். வருமான வரியின் பார்வையில் அந்த மார்ச் வரைக்கும் உள்நாட்டவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க.

கிளம்புவதற்கு முன் மொத்தமாக அனுப்பினால் என்ன ஆகும்?

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 'தாராளமயப்படுத்தப்பட்ட பணம் அனுப்பும் திட்டம்' என்று இதற்குப் பெயர். வங்கியில் எல்.ஆர்.எஸ். என்று கேட்டால் தெரியும். 2004 பிப்ரவரியில் 25,000 டாலர் வரம்போடு தொடங்கிய திட்டம் இது. பான் எண் கட்டாயம். ஏ2 என்ற படிவமும் தர வேண்டும்.

ஆக, வரம்பு நமக்குப் போதும். சிக்கல் டி.சி.எஸ். என்ற முன்வரிப் பிடித்தத்தில் இருக்கிறது. படிப்பு, மருத்துவம் தவிர மற்ற காரணங்களுக்காக ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி கூடுதலாக வசூலித்து அரசுக்குக் கட்டிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிரியர் வீட்டு நகை விற்ற பணத்தையும் சேர்த்து 25 லட்சம் ரூபாயை மகள் கணக்குக்கு அனுப்புகிறார். முதல் 10 லட்சத்துக்குப் பிடித்தம் இல்லை. மீதி 15 லட்சத்துக்கு 20 சதவீதம் என்றால் 3 லட்சம் ரூபாய். 25 லட்சம் அனுப்ப 28 லட்சம் கையில் இருக்க வேண்டும். இந்த 3 லட்சம் தொலைந்து போகாது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். புது ஊரில் வீடு, மருந்து, இன்சூரன்ஸ் என்று செலவு இருக்கும் நேரத்தில் 3 லட்சம் சின்னத் தொகையா?

அதனால் போகும்போது தேவைப்படும் அளவுக்கு மட்டும் அனுப்புங்க. கைச்செலவுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை வெளிநாட்டு நோட்டாக எடுத்துச் செல்லலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளலாம். இந்திய ரூபாய் நோட்டு என்றால் ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் கொண்டு போகலாம்.

போன பிறகு திறக்கும் பெரிய கதவு: என்.ஆர்.ஓ. கணக்கு

வெளிநாட்டில் வசிப்பவராக மாறியதும் உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றித் தர வங்கியில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் அதேதான். கணக்கின் வகைதான் மாறுகிறது. ஓய்வூதியம், வீட்டு வாடகை, வட்டி எல்லாம் ரூபாயில் இதில் வந்து சேரும். கரண்ட் பில், வீட்டு வரி எல்லாம் இதிலிருந்தே கட்டலாம்.

இதிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப இரண்டு வழி.

முதல் வழி, நடப்பு வருமானம். ஓய்வூதியம், வாடகை, வட்டி இவற்றை உரிய வரி போக எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம். வரம்பு இல்லை.

இரண்டாவது வழி, சேமிப்பு. வைப்புத்தொகை, ஓய்வுக்காலப் பணப்பலன், வீடு விற்ற பணம் எல்லாம் சேர்த்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். எல்.ஆர்.எஸ். வரம்பைப் போல நான்கு மடங்கு. இந்த வழிக்கு டி.சி.எஸ். பிடித்தமும் கிடையாது.

முன்பு பார்த்த அதே 25 லட்சத்தை ஆசிரியர் சிங்கப்பூர் போய், கணக்கை மாற்றிய பிறகு அனுப்பினால் அந்த 3 லட்சம் முடங்காது. "ஆள் முதலில், பணம் பின்னால்" என்று தலைப்பு வைத்ததற்குக் காரணம் இதுதான்.

வங்கி சில தாள்கள் கேட்கும். பணம் எப்படி வந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்: வைப்புத்தொகை ரசீது, பணிக்கொடை ஆணை, கிரயப் பத்திரம் மாதிரி. அதோடு வருமான வரித்துறை இணையதளத்தில் 15சிஏ என்ற உறுதிமொழிப் படிவம். வரிக்குட்பட்ட தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பட்டயக் கணக்காளர் தரும் 15சிபி சான்றும் வேண்டும். அதனால் இந்தத் தாள்களை எல்லாம் கிளம்புவதற்கு முன்பே ஸ்கேன் செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்க. முள்ளுக்குறிச்சி வீட்டு பீரோவில் இருக்கும் ரசீதை சிங்கப்பூரில் இருந்து தேட முடியாது.

என்.ஆர்.இ. என்று இன்னொரு கணக்கும் உண்டு. அது முக்கியமாக வெளிநாட்டில் இருந்து வரும் பணத்துக்கானது. உங்கள் உள்ளூர்ச் சேமிப்பை நேராக அதில் போட முடியாது. மேலே சொன்ன 10 லட்சம் டாலர் வரம்புக்குள், அதே தாள்களோடு என்.ஆர்.ஓ.விலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

1964-ல் வந்தவர்களும் கேட்ட கேள்வி

நாடு மாறும்போது சேமிப்பு என்ன ஆகும் என்ற கவலை தமிழர்களுக்குப் புதிதில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. அப்படிக் கிளம்புபவர்கள் தங்கள் சேமநல நிதி, பணிக்கொடை உட்பட உடைமைகளைக் கொண்டுவரலாம் என்பதும், ஒரு குடும்பத்துக்கான உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்பட்டன. ஒரு வரி எழுத்தில் இருந்ததால்தான் அந்தப் பணத்தை உரிமையோடு கேட்க முடிந்தது. இன்று வரம்பு பல மடங்கு பெரியது. ஆனாலும் எழுத்தில் இருக்கும் விதிக்குள் போகும் பணம்தான் பத்திரமான பணம்.

வட்டியில் வரும் டி.டி.எஸ். அதிர்ச்சி

கணக்கு மாறிய முதல் காலாண்டில் பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான்.

உள்நாட்டில் வசிக்கும் மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டி ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை டி.டி.எஸ். பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போனாலும், மொத்த வருமானத்துக்கு வரி வராது என்றால் 15எச் படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். வெளிநாட்டில் வசிப்பவராக மாறினால் இந்த இரண்டும் இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிப்பார்கள்.

ஆசிரியரின் 20 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். அதில் பிடித்தம் 43,680 ரூபாய். ஆனால் அவர் உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு?

ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,20,000. நிலையான கழிவு 75,000 போனால் 3,45,000. வட்டியைச் சேர்த்தால் 4,85,000. புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மீதி 85,000-க்கு 5 சதவீதம் 4,250. செஸ் சேர்த்தால் 4,420 ரூபாய். ஆக, பிடித்தது 43,680, கட்ட வேண்டியது 4,420. மீதி 39,260 ரூபாயைக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாவிட்டால் அவ்வளவும் போச்சு.

இன்னொன்றையும் கவனியுங்க. உள்நாட்டில் வசிப்பவர் என்றால் இதே வருமானத்துக்கு வரித் தள்ளுபடி கிடைத்து ஒரு ரூபாய்கூட வரி இல்லை. அந்தத் தள்ளுபடி வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது.

பிடித்தத்தைக் குறைக்கவும் வழி இருக்கிறது. இந்தியா பல நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறது. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் வசிப்பவர்களுக்கு வைப்புத்தொகை வட்டி மீதான வரி அந்த ஒப்பந்தங்களின்படி 15 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்த நாட்டு வரித்துறை தரும் வரி வசிப்பிடச் சான்றையும், 10எஃப் படிவத்தையும் வங்கியில் கொடுத்தால் போதும்.

அமெரிக்காவில் கிரீன் கார்டோடு குடியேறுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தியா உட்பட வெளிநாடுகளில் உள்ள கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டினால் அந்நாட்டு அரசுக்கு அறிக்கை தர வேண்டும். இந்தியாவில் வரி கட்டியாச்சு என்று இதை விட்டுவிட முடியாது.

ஓய்வூதியம் நிற்காமல் வர

தமிழ்நாடு அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, ஓய்வு பெற்ற மாதத்தில் நேர்காணலை முடிக்க வேண்டும். ஊரில் இருக்கும்போது இ-சேவை மையத்திலோ, 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வரும் தபால்காரர் மூலமாகவோ டிஜிட்டல் உயிர்வாழ் சான்று கொடுத்திருப்பீர்கள். வெளிநாட்டில் இருந்தால் இந்தியத் தூதரக அலுவலரிடம் உயிர்வாழ் சான்று பெற்றுக் கருவூலத்துக்கு அனுப்பலாம்.

கிளம்பும் முன் உங்கள் சார் கருவூலத்தில் மூன்று விஷயத்தை முடியுங்க: வெளிநாட்டு முகவரியைப் பதிவு செய்வது, என்.ஆர்.ஓ. கணக்கு விவரம் தருவது, குடும்ப ஓய்வூதியத்துக்குத் துணைவர் பெயர், பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் காலமான பிறகு இன்னொருவர் கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு எழுத்துப் பிழையைத் திருத்துவது பெரிய பாடு.

வீடும் தோட்டமும்

இந்தியாவில் வசித்தபோது வாங்கிய வீடு, நிலம், தோட்டம் எல்லாமே உங்களுடையதாகவே தொடரும். வெளிநாடு போனதால் விற்றே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர் புதிதாக விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ வாங்க முடியாது. பரம்பரையாக வருவதைப் பெறலாம். விவசாய நிலத்தை விற்பதென்றால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். அதனால் மிளகுத் தோட்டத்தை இப்போது விற்றுவிட்டு, திரும்பி வரும்போது பார்த்துக்கலாம் என்று நினைத்தால், வெளிநாட்டில் இருக்கும் காலம் வரை இன்னொரு தோட்டம் வாங்க வழியில்லை. யோசித்து முடிவெடுங்க.

பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிலம் என்றால் ஒப்படை ஆணையில் நிபந்தனைகள் இருக்கும். விற்கும் பேச்சுக்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்த்துவிடுங்க.

வீட்டை வெளிநாடு போன பிறகு விற்றால், வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி உள்நாட்டு விற்பனையைவிட அதிகம். லாபத்துக்கு மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே குறைந்த பிடித்தச் சான்று வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முழு விற்பனைத் தொகையின் மீதே பிடித்தம் விழும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுப்பதென்றால் கிளம்பும் முன்பே சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்க. வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். வாடகை வாங்குவது, வரி கட்டுவது என்று என்னென்ன அதிகாரம் என்பதைத் தெளிவாக எழுதுங்க. விற்கும் அதிகாரத்தைத் தேவையில்லாமல் கொடுக்க வேண்டாம். பட்டா, வில்லங்கச் சான்று இரண்டையும் இணையத்தில் எடுத்து போனில் சேமித்து வையுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வில்லங்கம் பார்த்துக்கொண்டே இருங்க.

அஞ்சலகச் சேமிப்பு

பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஏற்கனவே இருந்தால் 15 ஆண்டு முதிர்வு வரை தொடரலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது. வெளிநாட்டில் வசிப்பவராக மாறிய பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம், மாத வருமானத் திட்டம், தேசிய சேமிப்புப் பத்திரம் எதிலும் புதிதாகச் சேர முடியாது. இருக்கும் கணக்குகளின் முதிர்வுத் தேதியைப் பட்டியல் போட்டு, முதிரும் பணம் என்.ஆர்.ஓ. கணக்குக்கே வரும்படி எழுதிக் கொடுத்துவிடுங்க.

போன் நம்பர்தான் சாவி

ஓ.டி.பி. வராவிட்டால் பணம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆதார், பான், வங்கி மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்று பாருங்க. அந்த சிம்மில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே போட்டுவிட்டுக் கிளம்புங்க. ரீசார்ஜ் காலாவதி ஆகி நம்பர் இன்னொருவருக்குப் போனால் தலைவலிதான்.

சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா, ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 10 நாடுகளின் போன் நம்பரிலேயே என்.ஆர்.ஓ. கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்கலாம் என்று 2023 ஜனவரியில் அனுமதி தரப்பட்டது. உங்கள் வங்கி அந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்க.

நாமினியும் முக்கியம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கணக்கை இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். 10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை கோரலாம், 'உத்கம்' இணையதளத்தில் தேடலாம். ஆனால் அந்த நிலைக்கு ஏன் விட வேண்டும்?

"ரூபாயை இங்கே கொடுங்க, டாலர் அங்கே வந்துடும்"

இப்படிச் சொல்லி யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்க. உண்டியல், ஹவாலா என்று சொல்லப்படும் இந்த வழி சட்டவிரோதம். சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க ஃபெமாவில் இடம் இருக்கிறது. பணம் போய்ச் சேராவிட்டால் போலீசில் சொல்லவும் தயக்கம் வரும். ஏமாற்றுபவர்கள் நம்புவதும் அந்தத் தயக்கத்தைத்தான்.

"ரிசர்வ் வங்கியில் உங்க பணம் நிற்கிறது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்க" என்று போன் வந்தாலும் நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி தனிநபர்களிடம் அப்படிக் கட்டணம் கேட்பதில்லை.

மொத்தத்தையும் பிள்ளை பெயருக்கு மாற்ற வேண்டுமா?

இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. "எல்லாம் அவளுக்குத்தானே, இப்பவே எழுதிக் குடுத்துடலாம்" என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பாசத்தில் தப்பில்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில், பஸ் டிக்கெட்டுக்கும் பிள்ளையைக் கேட்க வேண்டிய நிலை பெரியவர்களின் மனசை உடைத்துவிடும். விசா புதுப்பிக்காமல் போகலாம், பிள்ளைக்கே வேலை மாறலாம், குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் இறங்கி நடக்க ஒரு வீடும், ஒரு வருஷச் செலவுக்குப் பணமும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

சொத்தை எழுதிக் கொடுப்பதாகவே முடிவெடுத்தால், 'எங்களைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுத்தாகச் சேருங்க. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி தீர்ப்பாயத்தை அணுகலாம்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

1. போவது தற்காலிகமா, நிரந்தரமா என்று முடிவு செய்து வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.
2. சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை இரண்டையும் என்.ஆர்.ஓ. ஆக மாற்ற விண்ணப்பம் கொடுங்கள்.
3. ஆதார் - பான் இணைப்பையும், போன் நம்பர், மின்னஞ்சல் பதிவையும் சரிபாருங்கள்.
4. கருவூலத்தில் முகவரி, குடும்ப ஓய்வூதிய விவரங்களைத் திருத்துங்கள்.
5. பணத்தின் மூலத்துக்கான ஆவணங்களை ஸ்கேன் செய்யுங்கள். ஒரு பிரதி பிள்ளையிடமும் இருக்கட்டும்.
6. எல்லாக் கணக்குக்கும் நாமினி போடுங்கள்.
7. முதல் சில மாதச் செலவுக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். மீதி பின்னால் வரட்டும்.
8. பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், "எல்லாம் போகக் கையில் எத்தனை டாலர் சேரும்?" என்று இரண்டு வங்கியிலாவது கேளுங்கள்.
9. ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள்.

யாரிடம் கேட்கலாம்?

வங்கிச் சேவைப் புகார்களுக்கு ரிசர்வ் வங்கியின் 14448. இணையப் பண மோசடி என்றால் உடனே 1930. மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567. வெளிநாடுவாழ் தமிழர்களுக்காகத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை நடத்தும் உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800 309 3793. பெரிய தொகையை அனுப்பும் முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது நல்லது.

நம்ம ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் திரும்ப வருவோம். அவர் பணம் அவருடையதுதான். அதை எடுத்துப் போகும் உரிமையும் அவருக்கு இருக்கிறது. ஒரே பெட்டியில் கட்டித் தூக்க வேண்டிய அவசரம் மட்டும் இல்லை. முதலில் ரெண்டு பேரும் நல்லபடியா போய்ச் சேருங்க. ஊர் பழகட்டும். பணம் உங்கள் பெயரிலேயே, நீங்க சொல்லும்போது, பின்னாலேயே வரும்.